ஸ்கைரிமைப் பகடி செய்யும் ஒரு சிறு மாட்: யோசனை முதல் வெளியீடு வரை முழுமையான வழிகாட்டி

பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஸ்கைரிம், திறந்த உலக ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) விளையாட்டுகளில் அதிகமாகக் கேலிக்கு ஆளானவற்றுள் ஒன்று. கேலி செய்தவர்களில் அதை உருவாக்கியவர்களும் உண்டு. எந்தக் கருவி புதிதாக வந்தாலும் அதிலும் ஸ்கைரிமை மறுபடி விற்கிறார்கள் என்ற பேச்சைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டு, 2018ஆம் ஆண்டு இ3 கண்காட்சியில் குளிர்பதனப் பெட்டியிலும் பேஜரிலும் ஸ்கைரிம் ஓடுவதாக ஒரு காணொளியை வெளியிட்டார்கள். அதில் காட்டிய அமேசான் அலெக்ஸா பதிப்பு மட்டும் மெய்யாகவே வெளிவந்து, குரலால் விளையாடக் கிடைத்தது.

இந்த வழிகாட்டி, அத்தகைய பகடி ஒன்றை ஸ்கைரிமுக்குள்ளேயே ஒரு மாடாக (mod, விளையாட்டில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) செய்து முடிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறது. தனி விளையாட்டாகச் செய்யலாம். 2002இல் வந்த புரோகிரஸ் குவெஸ்ட் அப்படித்தான் எவர்குவெஸ்ட் வகை இணைய ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைக் கேலி செய்தது. அதில் வீரரை உருவாக்குவது மட்டுமே நம் வேலை. சண்டை, கொள்ளை, விற்பனை எல்லாவற்றையும் விளையாட்டே தனக்குத்தானே செய்துகொண்டு, முன்னேற்றப் பட்டைகளை நிரப்பிக் காட்டும். ஆனால் ஸ்கைரிமைக் கேலி செய்ய ஸ்கைரிமைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. அதன் இசை, இலக்கைக் காட்டும் அதன் அம்புக்குறி, அதன் கனத்த முகபாவம் அத்தனையும் செலவில்லாமல் உங்களுக்குக் கிடைக்கின்றன.

செய்யப்போகும் மாட் இதுதான். ஒரு வீட்டில் ஊர்த்தலைவரும் அவர் மனைவியும் அருகருகே நிற்கிறார்கள். தலைவர் உங்களிடம் ஒரு முட்டைக்கோசைக் கொடுத்து, அதை மனைவியிடம் சேர்க்கச் சொல்கிறார். வேறு கதை இல்லை.

முதல் படி: வசனத்தைக் கவனிக்காமல் விதியைக் கவனித்தல்

பகடி செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற வசனத்திலிருந்தே தொடங்குகிறார்கள். முழங்காலில் அம்பு பட்டதால் சாகசத்தைக் கைவிட்ட காவலர், உன் ஸ்வீட்ரோல் பலகாரத்தை யாரோ திருடிவிட்டார்களா என்று சீண்டும் காவலர், கைதி வண்டியில் கண்விழிக்கும் தொடக்கக் காட்சி ஆகியவை பத்தாண்டுகளுக்கு மேலாக இணையத்தில் அரைபட்டுவிட்டன. அவற்றைத் திரும்பச் சொன்னால் பார்ப்பவருக்கு அடையாளம் தெரியுமே தவிர, சிரிப்பு வராது. உருவத்தை மட்டும் மாற்றும் கேலியும் இத்தகையதே. 2013இல் வந்த ஒரு மாட், டிராகன்களை எல்லாம் தாமஸ் என்னும் நீல இரயில் என்ஜினாக மாற்றியது. முதல் என்ஜின் வானத்திலிருந்து ஊதிக்கொண்டு இறங்கும்போது சிரிக்காதவர் இருக்க முடியாது. ஐந்தாவது என்ஜின் இறங்கும்போது நாம் வழக்கம்போல வில்லைத்தான் எடுக்கிறோம்.

நீடித்து நிற்கும் கேலி, விளையாட்டின் விதிகளுக்குள் இருக்கிறது. ஒரு விதியை எடுத்து, அது தானாக எங்கே போய் முடியுமோ அங்கே வரை அதைக் கொண்டுபோய் விடுவதே இந்த வழிகாட்டி பரிந்துரைக்கும் முறை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கையில் குறிப்பேட்டுடன் விளையாடி, அங்கே எவரும் வியக்காமல் நடந்துகொண்டிருக்கும் வியப்புகளை எழுதிக்கொள்வது.

ஸ்கைரிமில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கடைக்காரர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டால், அவருடைய பார்வைக்கோடு மறைந்துவிடுவதால், கண்முன்னே கடையைக் காலி செய்தாலும் அவர் வாயைத் திறப்பதில்லை. தொடக்கத்தில் உங்கள் சுமை வரம்பு 300. கவசங்கள் பலவற்றைச் சுமந்துகொண்டு ஓடலாம், வரம்புக்கு மேல் ஒரு சிறு பொருள் சேர்ந்தாலும் நடக்கத்தான் முடியும். மரண அடி வாங்கும் நொடியில் விளையாட்டை நிறுத்தி, பையில் உள்ள பாலாடைக்கட்டிகள் அத்தனையையும் தின்று முடித்துவிட்டு, அதே நொடிக்குத் திரும்பலாம். ரிவர்வுட்டில் ஒரு கோழியைக் கொன்றால் ஊரே ஆயுதம் ஏந்தி வருகிறது. வின்டர்ஹோல்ட் கல்லூரிக்குத் தலைவராகவும், கம்பேனியன்ஸ் படைக்கு முதல்வராகவும், உலகைக் காத்தவராகவும் ஆன ஒருவரிடம், தெருவில் நிற்பவர் தம் சில்லறை வேலையைத் தயங்காமல் ஒப்படைக்கிறார்.

இதற்கு முந்தைய விளையாட்டான 2006ஆம் ஆண்டின் ஆப்லிவியனிலும் ஒரு மணியான எடுத்துக்காட்டு உண்டு. எதிரிகளின் வலிமை வீரரின் நிலையோடு சேர்ந்தே உயர வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. அதன் விளைவாக, நீங்கள் உயர்ந்த நிலையை எட்டிய பிறகு, ஒரு சிற்றூரையே விலைக்கு வாங்கும் மதிப்புள்ள கண்ணாடிக் கவசத்தை அணிந்த வழிப்பறிக்காரர் புதரிலிருந்து குதித்து, உங்களிடம் 100 பொன் கேட்டு மிரட்டுவார். எழுதியவர் எவரும் நகைச்சுவை என்று நினைத்து இதை எழுதவில்லை. விதி தன் வழியே போயிற்று, அவ்வளவுதான்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் சொன்ன கதைகளும் இங்கே பயன்படும். ஸ்கைரிமில் பணியாற்றிய நேட் பர்க்கிபைல் 2021இல் பகிர்ந்த செய்தி ஒன்று: தொடக்கக் காட்சியின் கைதி வண்டி சில நேரங்களில் திடீரென்று குலுங்கி ராக்கெட்போல வானில் பறந்துவிடும், தேடிப் பார்த்ததில் குற்றவாளி ஒரு தேனீ. தேனீயைப் பிடிக்க முடியாமல் இருந்த வேறொரு பிழையைச் சரிசெய்தபோது, அது மோதினால் விலகாத பொருளாக மாறிவிட்டது. வண்டியின் வழியில் அது வந்தால் வண்டிதான் விலக வேண்டியிருந்தது. அதே நாள்களில் ஜோயல் பர்ஜெஸ் சொன்னது நரியைப் பற்றியது. நரியைப் பின்தொடர்ந்தால் புதையல் கிடைக்கும் என்று விளையாட்டாளர்கள் நம்பினார்கள். அப்படி எதையும் எவரும் நிரல் எழுதவில்லை. பாத்திரங்கள் நடமாடுவதற்காகத் தரையில் விரித்திருக்கும் நேவ்மெஷ் என்ற முக்கோண வலையில், நரி மீட்டர் கணக்கில் ஓடாமல் முக்கோணக் கணக்கில் ஓடுகிறது. வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரியவை, குறைவானவை. முகாம்களிலும் இடிபாடுகளிலும் சிறியவை, நெருக்கமானவை. ஆகவே ஓடும் நரி அங்கேதான் போய்ச் சேரும். புதையலும் அங்கேதான் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு காரண காரியச் சங்கிலி உங்கள் கேலிக்குள்ளும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு விதியைத் தேர்ந்தெடுத்தல்

பட்டியல் நீண்டதும் எல்லாவற்றையும் ஒரே மாடில் திணிக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு மாடுக்கு ஒரு விதி போதும்.

நாம் எடுத்துக்கொள்ளும் விதி, கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஸ்கைரிமின் ரேடியன்ட் அமைப்பு, யார் கேட்பது, எதைக் கேட்பது, எங்கே போவது என்ற கட்டங்களைத் தானே நிரப்பி, முடிவில்லாமல் வேலைகளை உண்டாக்கவல்லது. நீங்கள் இன்னும் போகாத இடங்களை அது விரும்பித் தேர்ந்தெடுக்கும். தூரம்தான் அந்த வேலைகளின் உயிர். தூரத்தைப் பூச்சியமாக்கிவிட்டு, மற்ற அனைத்தையும், அதாவது இசை, பதிவேட்டு வாசகம், அம்புக்குறி, வெகுமதி, மரியாதை ஆகியவற்றைக் குறைக்காமல் அப்படியே வைத்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதே நம் மாட்.

கதைப்போக்கைக் கணினியைத் தொடும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தலைவர் முட்டைக்கோசைக் கொடுக்கிறார் (நிலை 10; நிலை என்பது பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்). மனைவி வாங்கிக்கொண்டு, மறுமொழியாக அதையே கணவரிடம் அனுப்புகிறார் (நிலை 20). கணவர் வாங்கி, மீண்டும் மனைவியிடம் அனுப்புகிறார் (நிலை 30). மூன்றாம் கைமாற்றத்தில் உங்கள் சேவையைப் பாராட்டி, அந்த வட்டாரத்தின் தேன் (thane) என்ற பிரபுப் பட்டத்தையும், பரிசாக அதே முட்டைக்கோசையும் தருகிறார்கள் (நிலை 40). மூன்றுக்கு மேல் நீட்டக் கூடாது. சலிப்பைக் கேலி செய்யும் படைப்பு தானே சலிப்பாகிவிடும் இடம், என் கணிப்பில், நான்காவது சுற்று.

முடிவுக்கு இன்னொரு விதி துணை நிற்கிறது. ஸ்கைரிமில் பணிக்குரிய பொருளைக் கீழே போட முடியாது. பரென்சியாவின் கற்கள் என்ற 24 மணிகளில் ஒன்றைத் தெரியாமல் எடுத்துவிட்டு, மீதியைத் தேட வரைபடக் குறியும் இல்லாமல், அந்த ஒன்றைப் பையிலிருந்து நீக்கவும் முடியாமல் திரிந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். நம் முட்டைக்கோசும் பட்டம் கிடைத்த பிறகு கையை விட்டுப் போகாது. தப்பிக்க ஒரே வழி, அதைத் தின்றுவிடுவது (நிலை 200).

மூன்றாம் படி: கருவிகள்

வேண்டியவை சிலவே. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் உங்களிடம் இருந்தால், கிரியேஷன் கிட் என்ற திருத்தக் கருவி ஸ்டீம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இது முதன்முதலில் 2012 பிப்ரவரியில் வெளிவந்தபோதே கேலியும் கூடவே வந்தது: போர்ட்டல் 2 விளையாட்டின் விண்வெளிப் பைத்தியம் பிடித்த உருண்டை ஒன்று ஸ்கைரிமில் வானத்திலிருந்து விழுவதாக வால்வ் நிறுவனமே ஒரு மாட் செய்து வெளியிட்டது. கூடுதலாக, மாட் கோப்புகளைத் திறந்து திருத்தும் எஸ்.எஸ்.இ.எடிட், மாடுகளை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். விளையாட்டின் ஸ்கிரிப்ட் திறனை விரிக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரைச் சார்ந்து எதையும் செய்ய வேண்டாம். அதன் துணைநிரல்கள் விளையாட்டின் பதிப்பு எண்ணோடு பிணைந்தவை. 2021 நவம்பரில் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அவற்றைச் சார்ந்த மாடுகள் கூட்டமாக நின்றுபோயின. ஒரு முட்டைக்கோசுக்கு அந்த அபாயம் தேவையில்லை.

கிரியேஷன் கிட்டை முதல்முறை திறக்கும்போது, ஸ்கிரிப்ட் கோப்புகளை விரிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பிறகு ஃபைல் பட்டியில் டேட்டாவைத் திறந்து, ஸ்கைரிம் முதன்மைக் கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். எச்சரிக்கைச் சாளரங்கள் வரிசையாக வரும். அவை பெதெஸ்டாவின் பழைய கணக்குகள், நமக்குத் தொடர்பில்லை. ஏற்றி முடித்ததும் ஒரு பெயரில் சேமித்துவிட்டால் உங்கள் கோப்பு உருவாகிவிடும். அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கோப்பை ஆக்டிவ் கோப்பாக அமைக்க மறக்கக் கூடாது. மறந்தால் அன்றைய உழைப்பெல்லாம் புதிதாக வேறொரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் உருவாக்கும் ஒவ்வொன்றின் அடையாளப் பெயருக்கும் முன்னால் ஒரே முன்னொட்டை இடுங்கள். ஆயிரக்கணக்கான உருப்படிகள் உள்ள பட்டியலில் உங்கள் பத்து உருப்படிகளைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

நான்காம் படி: வீடும் இரண்டு பேரும்

ரிவர்வுட்டிலோ வைட்ரன்னிலோ கை வைக்காதீர்கள். ஆயிரம் மாடுகள் அந்த ஊர்களைத் திருத்துகின்றன, மோதல் நிச்சயம். இருக்கும் ஒரு சிறிய வீட்டின் உட்பகுதியை நகலெடுத்து உங்களுக்கென ஒரு செல் (தனி இடப்பகுதி) ஆக்கிக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பாதையோரத்தில் வெளிக்கதவை வைத்து இரண்டையும் இணையுங்கள். உள்ளே நேவ்மெஷ் சரியாக விரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவருக்கும் மனைவிக்கும், இருக்கும் கதாபாத்திரங்களில் இருவரைத் திறந்து அடையாளப் பெயரை மாற்றுங்கள். புதிய உருப்படியாக உருவாக்கவா என்று கருவி கேட்கும். ஆம் என்றால் மூலம் கெடாமல் நகல் கிடைக்கும். இருவரையும் யூனிக் என்று குறித்து, பழைய பாத்திரத்தோடு வந்த குழுக்களையும் பணிகளையும் நீக்கிவிடுங்கள். நடத்தைக்கு, ஓரிடத்திலேயே நிற்கும் பேக்கேஜ் ஒன்றை மட்டும் கொடுங்கள். வழக்கமான சேண்ட்பாக்ஸ் பேக்கேஜைக் கொடுத்தால், மனைவி அடுப்பருகே போய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தூரம் பூச்சியம் என்ற நம் அடிப்படையே போய்விடும். இருவரும் தோள் உரசும் நெருக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒருவரையொருவர் பார்த்து நின்றால் நாடகம்போல ஆகிவிடும். ஒரே திசையில் நிற்கும்போது, அருகில் ஒருவர் இருப்பதே தெரியாதவர்கள்போலத் தோன்றும்.

முக அமைப்பை முடித்ததும் பட்டியலில் அவர்களைத் தேர்ந்து கன்ட்ரோல் விசையுடன் எஃப்4 விசையை அழுத்துங்கள். முகத் தரவு ஏற்றுமதியாகும். இதைச் செய்யாவிட்டால் விளையாட்டில் உடல் ஒரு நிறமும் முகம் கரிய நிறமுமாகத் தெரியும்.

ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. விளையாட்டு ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய முழுக் கோப்புகள் 254 மட்டுமே என்பதால், உங்களுடையதை அந்த எண்ணிக்கையில் சேராத லைட் கோப்பாகக் குறிப்பது விளையாட்டாளர்களுக்கு நீங்கள் செய்யும் உபகாரம். அப்படிக் குறிக்க, உருப்படி ஒவ்வொன்றையும் குறிக்கும் ஃபார்ம் ஐ.டி. எண்களைச் சுருக்க வேண்டும். முகக் கோப்பின் பெயரும் குரல் கோப்பின் பெயரும் அந்த எண்ணைக் கொண்டே அமைகின்றன. குரலையும் முகத்தையும் முடித்துவிட்டு எண்ணைச் சுருக்கினால் முகம் கறுக்கும், வாய் ஊமையாகும். எனவே பாத்திரங்கள், உரையாடல் வரிகள், பொருள்கள் எல்லாவற்றையும் உருவாக்கி, எண்ணைச் சுருக்கி, அதன் பின்னரே முகத்தையும் குரலையும் ஏற்றுமதி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: முட்டைக்கோசு

விளையாட்டில் உள்ள முட்டைக்கோசை நகலெடுத்துத் தனி உருப்படியாக்குங்கள். பொது முட்டைக்கோசையே பயன்படுத்தினால், சந்தையில் வாங்கிய எதைக் கொடுத்தாலும் பணி முடிந்துவிடும். பெயரை மாற்றத் தேவையில்லை. "விதியின் முட்டைக்கோசு" போன்ற பெயர் வைப்பது, நகைச்சுவை இங்கே இருக்கிறது என்று கையைக் காட்டுவது. வெறும் முட்டைக்கோசு என்றே இருக்கட்டும்.

ஆறாம் படி: பணியும் உரையாடலும்

குவெஸ்ட் பிரிவில் புதிய பணி ஒன்றை உருவாக்கி, முன்னுரிமையை நடுத்தரமாக வைத்து, விளையாட்டு தொடங்கும்போதே இயங்கும்படி குறியிடுங்கள். பணியில் பங்கேற்பவர்களைக் குறிக்கும் அலையஸ் பகுதியில் மூன்று பேரை நிரப்ப வேண்டும்: தலைவர், மனைவி, வீரர். நோக்கங்களுக்கான இலக்காகத் தலைவரையும் மனைவியையும் மாறி மாறி அமைத்தால், அம்புக்குறி ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்கு ஓரடி நகரும். மாடின் சிறந்த சிரிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன். இதற்கு வசனமே வேண்டாம்.

உரையாடல் பகுதியில் இருவருக்கும் தனித்தனிக் கிளைகளை அமைத்து, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிபந்தனைகளை இடுங்கள்: பேசுபவர் இந்தப் பாத்திரம்தானா, பணி இந்த நிலையில் இருக்கிறதா. முதல் நிபந்தனையை விட்டுவிட்டால் ஸ்கைரிமில் உள்ள அத்தனை பேரும் உங்களிடம் முட்டைக்கோசைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். (அது வேறொரு நல்ல மாட், இப்போது வேண்டாம்.)

வசனத்தின் தொனியில்தான் பகடி பிழைக்கும் அல்லது சாகும். எழுதும் எவரும் சிரிக்கக் கூடாது. பேசும் பாத்திரமும் சிரிக்கக் கூடாது. தலைவர் சொல்வது இப்படி இருக்கலாம்: "டிராகன்பார்ன் அவர்களே, இதை என் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள். வேறு எவரையும் நம்பி அனுப்ப முடியவில்லை. போன முறை அனுப்பியவர் திரும்பவே இல்லை." மனைவி முட்டைக்கோசைக் கையில் வாங்கியதும் கேட்பது: "அவர் நலமாக இருக்கிறாரா? சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? குரலைக் கேட்டே எத்தனை காலமாயிற்று!" இரண்டாம் சுற்றில் தலைவர், வழியில் பனி அதிகமா என்று விசாரிக்கட்டும். பதிவேட்டில் எழுதும் குறிப்பும் இதே கனத்தில் இருக்க வேண்டும். "நெடும்பயணத்துக்குப் பின் முட்டைக்கோசை ஒப்படைத்தேன்" என்ற ஒரு வரி போதும்.

தமிழில் செய்ய விரும்புவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். விளையாட்டின் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், தமிழில் எழுதிய வரிகள் திரையில் வெறும் கட்டங்களாகவே தெரியும். திரை வரிகளை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தமிழில் பதிவுசெய்யலாம். அந்தப் பொருந்தாமைகூடத் தனிச் சுவை தரும். குரல் கோப்பே இல்லாவிட்டால் வரிகள் படிக்கும் முன்பே மின்னி மறைந்துவிடும். பதிவுசெய்யும் வரை சோதனைக்காக ஃபஸ் ரோ டோ என்ற மாடை நிறுவிக்கொண்டால், ஒலியில்லாத வரிகளும் படிக்கும் நேரம் வரை திரையில் நிற்கும். பதிவு மோனோவாக, 44,100 ஹெர்ட்ஸில், 16 பிட்டில் இருக்கட்டும். எதிரொலிக்கும் அறையைத் தவிர்த்து, துணி நிறைந்த அலமாரியின் முன் நின்று பேசுங்கள். வாயசைவுக்கான லிப் கோப்பையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். அசையாத வாயிலிருந்து இவ்வளவு உருக்கம் வெளிவந்தால் ஏளனமாகிவிடும்.

ஏழாம் படி: தின்றாரா, போட்டாரா, கொடுத்தாரா

பாப்பிரஸ் ஸ்கிரிப்ட் மொழியில் நாம் எழுத வேண்டியது மிகக் குறைவு. அந்தக் குறைவில்தான் மாடின் ஒரே சிக்கல் இருக்கிறது.

வீரர் அலையஸில் ஒரு ஸ்கிரிப்டை இணைத்து, நம் முட்டைக்கோசை மட்டும் கவனிக்கும்படி இன்வென்டரி வடிகட்டி ஒன்றை முதலில் சேருங்கள். இல்லாவிட்டால் வீரர் எய்யும் ஒவ்வோர் அம்புக்கும் ஸ்கிரிப்ட் விழித்துக்கொள்ளும். பிறகு, பையிலிருந்து பொருள் நீங்கும்போது எழும் ஆன் ஐட்டம் ரிமூவ்ட் என்ற நிகழ்வைப் பிடிக்க வேண்டும். முட்டைக்கோசு பையை விட்டுப் போனால் தின்றுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படி எழுதினால், மனைவியிடம் முறையாகக் கொடுக்கும் நொடியிலேயே பணி தோற்றுவிட்டதாக அறிவிப்பு வரும். கொடுப்பதும் பையை விட்டுப் போவதுதானே.

அந்த நிகழ்வு இரண்டு தகவல்களைக் கூடவே தருகிறது: பொருள் எந்தக் கொள்கலனுக்குப் போனது, உலகில் எந்த உருவாக விழுந்தது. ஒருவரிடம் கொடுத்தால் கொள்கலன் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். கீழே போட்டால் கொள்கலன் வெறுமையாக இருக்கும், ஆனால் தரையில் கிடக்கும் பொருளின் குறிப்பு இருக்கும். தின்றால் இரண்டுமே வெறுமை. ஆகவே இரண்டும் வெறுமையானால் மட்டும் நிலை 200ஐ அமைக்கச் சொல்லுங்கள். நிலை 40க்குப் பிறகு தரைக்குறிப்பு மட்டும் இருந்தால், அதே பொருளை மீண்டும் பையில் சேர்த்து, பணிக்குரிய பொருளை நீக்க முடியாது என்று விளையாட்டு வழக்கமாகச் சொல்லும் அதே தோரணையில் ஒரு செய்தியைக் காட்டுங்கள். யாராவது பெட்டிக்குள் ஒளித்துவைத்தால், கொள்கலன் அந்தத் தம்பதியர் அல்ல என்று சரிபார்த்துத் திரும்ப எடுத்துவர வேண்டும். உரையாடல் வரியில் முட்டைக்கோசை நீக்கும் கட்டளையை எழுதும்போது, பெறுபவர் யார் என்பதையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அது தின்றதுபோலவே பதிவாகும்.

நிலை 200இல் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு 2002ஆம் ஆண்டின் மாரோவிண்ட் வழிகாட்டுகிறது. கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டதாகவும், பழைய சேமிப்புக்குத் திரும்பலாம் அல்லது நீ கெடுத்த உலகிலேயே வாழலாம் என்றும் அந்த விளையாட்டு அறிவிக்கும். ஒரு முட்டைக்கோசுக்காக அதே கனத்தில் நீங்கள் ஓர் அறிவிப்பை உங்கள் சொற்களில் எழுதிக்கொள்ளலாம். பட்டத்தைப் பறித்துவிடுங்கள். தம்பதியர் அதன்பின் ஒரே ஒரு வரி மட்டும் பேசட்டும்.

எட்டாம் படி: சோதனை

ஸ்கைரிமின் சேமிப்புக் கோப்பு, இயங்கும் ஸ்கிரிப்ட்களையும் பணிகளையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் மாடைத் திருத்தினாலும் பழைய சேமிப்பில் பழைய நிலையே பேசும். எனவே மாட் இல்லாத காலத்துச் சேமிப்பு ஒன்றைத் தனியாகப் பாதுகாத்து, ஒவ்வொரு சோதனையையும் அதிலிருந்து தொடங்குங்கள். கட்டளைகளைத் தட்டச்சிடும் கன்சோலில் சி.ஓ.சி. கட்டளையுடன் உங்கள் செல்லின் பெயரைக் கொடுத்தால் நேராக வீட்டுக்குள் நிற்பீர்கள். செட்ஸ்டேஜ் கட்டளை நிலைகளைத் தாண்டவும், எஸ்.க்யூ.வி. கட்டளை பணியின் உள்நிலையைப் பார்க்கவும் உதவும்.

முதல் சோதனையில் உரையாடல் வரிகள் தோன்றாமல், சேமித்து மீண்டும் ஏற்றினால் மட்டும் தோன்றினால் திகைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே இயங்கும் பணிகளுக்கு எஸ்.இ.க்யூ. என்ற சிறு கோப்பு ஒன்று தேவை, எஸ்.எஸ்.இ.எடிட் அதை நொடியில் உருவாக்கித் தரும்.

பிழையில்லாமல் ஓடுகிறதா என்பது ஒரு சோதனை. சிரிப்பு வருகிறதா என்பது வேறு. இரண்டாவதற்கு, ஸ்கைரிமை நன்றாக விளையாடிய ஒருவரை அமர்த்தி, எதுவும் சொல்லாமல் பின்னால் நின்று பாருங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்பதைவிட, எந்த இடத்தில் வசனத்தைத் தாண்டச் சொடுக்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொடுக்கிய வரிகளை இரக்கமில்லாமல் வெட்டிவிடலாம்.

ஒன்பதாம் படி: துப்புரவு, பெயர், வெளியீடு

கோப்பை எஸ்.எஸ்.இ.எடிட்டில் திறந்து, நீங்கள் அறியாமல் தொட்டவற்றைத் தேடுங்கள். கிரியேஷன் கிட்டில் ஒரு சொடுக்கு தவறி விழுந்தால் எங்கோ ஒரு மரம் நகர்ந்திருக்கும். உங்கள் முன்னொட்டு இல்லாத உருப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும்; இல்லாதவற்றை நீக்குங்கள்.

பெயரில் எச்சரிக்கை தேவை. மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் தன் அட்டை விளையாட்டுக்கு ஸ்க்ரோல்ஸ் என்று பெயரிட்டதற்காக, பெதெஸ்டா தரப்பு 2011இல் வழக்குத் தொடுத்தது. மோஜாங்கின் நிறுவனர் மார்க்கஸ் பெர்சன், குவேக் 3 விளையாட்டில் மோதித் தீர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார், எதிர்த்தரப்பு இசையவில்லை. 2012இல் சமரசமாயிற்று. ஒற்றைச் சொல்லுக்கே இந்தக் கதை என்பதால், விளையாட்டின் பெயரை உங்கள் தலைப்பில் ஒட்டவைக்காமல், முட்டைக்கோசைக் கொண்டே தலைப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேலி என்றால் சட்டம் எதையும் மன்னிக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில், பகடியும் நியாயமான பயன்பாடாக அமையக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது உண்மை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்பாய்வுக்கும் இடம் தருகிறது. பகடி என்று தனியாகப் பெயர் சொல்லவில்லை. நம் மாடில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது, ஏனெனில் ஸ்கைரிமின் பொருள்களை ஸ்கைரிமுக்குள்ளேயே பயன்படுத்துகிறோம். வேறொரு விளையாட்டின் இசையையோ, திரைப்பட நடிகரின் குரலையோ வெட்டி ஒட்டும்போதுதான் எழும். அதைச் செய்யாதீர்கள். பிற மாடர்களின் உருவங்களை எடுத்தால், அவர்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் அனுமதியைப் படித்து, பெயரைக் குறிப்பிடுங்கள். பணம் கேட்கும் யோசனையை விட்டுவிடுங்கள். 2015 ஏப்ரலில் ஸ்டீமில் ஸ்கைரிம் மாடுகளுக்கு விலை வைத்த திட்டம், எதிர்ப்பு வெடித்ததால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் பதிவேற்றும்போது, விளக்கக் குறிப்பையும் மாடின் தொனியிலேயே எழுதுவது நல்லது: பரந்த நிலப்பரப்பில் ஒரு வீரப்பயணம், மூன்று திருப்பங்கள், ஒரு காய்கறி. நகைச்சுவையை அங்கேயே சொல்லிவிட்டால் பதிவிறக்கியவருக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் எந்தப் பதிப்பில் சோதித்தது, எதைச் சார்ந்தது, எப்படி நீக்குவது என்ற மூன்றையும் எவ்விதக் கேலியும் இல்லாமல் தெளிவாகத் தனியே எழுதுங்கள்.

வெளியான பிறகு பிழை அறிக்கைகள் வரும். மனைவி கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றோ, முட்டைக்கோசு இரண்டாகிவிட்டது என்றோ ஒருவர் எழுதினால், அவருடைய மாடுகளின் ஏற்ற வரிசையைக் கேட்டுப் பெற்று, உங்கள் தூய சேமிப்பில் அதை மீண்டும் நிகழ்த்திப் பாருங்கள். சேமிப்பைக் கெடுப்பதையும் விளையாட்டை நிறுத்துவதையும் உடனே திருத்த வேண்டும். முட்டைக்கோசைத் தின்றுவிட்டேன், பட்டம் போய்விட்டது, எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்பவருக்கு மட்டும், மாரோவிண்ட் சொன்ன அதே இரண்டு வழிகளைச் சொல்லி அனுப்புங்கள்.